பத்தலத்தில் இறங்கினார்

வாரத்தில் ஆறு நாள் ரப்பர் பாலை நிறுத்துப் பார்ப்பேன். ஏழாம் நாள் மனிதர்களை நிறுத்துப் பார்ப்பேன். இரண்டிலும் என்னைக் கேள்வி கேட்க ஆள் இருக்கவில்லை. அதுதான் வினையாகிப்போனது.

எங்கள் தோட்டம் கொடகவெலப் பக்கம். மேட்டில் கொஞ்சம் தேயிலை, சரிவெல்லாம் ரப்பர், அடியில் சிங்கள ஆட்களின் வயல், வயலுக்கு நடுவே மாணிக்கக்கல் தோண்டுகிற குழிகள். நான் பால் ஸ்டோரில் இருந்தேன். வெட்டிக்கொண்டு வருகிற பாலுக்குள் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட வேண்டும். குழாய் ஆழமாக இறங்கினால் நல்ல பால். மேலே மேலே மிதந்தால், வரும் வழியில் பீலித் தண்ணீர், அதாவது ஊற்றுக் குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "என்னக்கா, மரத்த வெட்டினீங்களா, பீலிய வெட்டினீங்களா?" என்று கேட்பேன். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். வாளியோடு நிற்கிறவரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார். ஒருவர் சிரித்துவிட்டால் அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிற ஆள் நான்.

எங்கள் போதகருக்கு நான்கு சபைகள். எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் கிடைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் வாசிப்பதும், புதன்கிழமை பின்னேரங்களில் ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் ஆட்களைத் தயார்பண்ணுவதும் என் தலையில் விழுந்தது. அதனால் உபதேசியார் என்று பட்டம். வேதக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சத்தமாக வாசிக்க வரும், அவ்வளவுதான்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தைந்து இருக்கும்.

பால் வெட்டுகிற ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பதினைந்து வருடமாக மனைவியை சேர்ச் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பலாமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். மனைவி பிறவியிலேயே எங்கள் சபை. அவர் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். ஒரு ஞாயிறு அவர் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெபம் முடிந்ததும், "என்னண்ணே, வெளிய மழையா?" என்று கேட்டேன்.

"இல்லிங்க உபதேசியாரே. இவ செத்தா ஒரு எடத்துக்குப் போவா, நான் செத்தா வேற எடத்துக்குப் போவேன்னு சொல்றாங்க. அங்க போயி யார்கிட்ட வழி கேக்குறது? அதான் இப்பவே கூட வந்துர்றேன்."

"பதினஞ்சு வருசம் அக்காகூட இருந்தது பத்தலயா அண்ணே?"

"பத்தலதாங்க," என்றார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்படித்தான் அவர் என் புதன்கிழமை வகுப்புக்கு வந்தார். வகுப்பில் மற்ற ஐந்து பேரும் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள். இவர் சிங்களப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை இருந்தவர். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், தமிழ் எழுத்துத் தெரியாது. எல்லாவற்றையும் காதால் கேட்டுத்தான் பாடமாக்க வேண்டும். ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தை நான் வரிவரியாகச் சொல்வேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வார். வாரத்துக்கு இரண்டு வரி.

என் வகுப்பில் ஒரு முறை இருந்தது. பிரமாணத்தின் ஒவ்வொரு வரிக்கும் வேதத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த உபதேசியார் விட்டுப்போன கொப்பி ஒன்று. இடது பக்கம் வரி, வலது பக்கம் வசனம். வானத்தையும் பூமியையும் படைத்தார் என்றால் ஆதியாகமத்தின் முதல் வசனம். கன்னியிடத்தில் பிறந்தார் என்றால் மத்தேயு, லூக்கா. சிலுவைக்கு நாலு சுவிசேஷமும் இருக்கின்றன. ஒரே ஒரு வரிக்கு மட்டும் வலது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பாதாளத்தில் இறங்கினார் என்கிற வரி. பிள்ளைகள் கேட்டால், "அந்த எடத்தக் கறையான் தின்னுருச்சு" என்பேன். கறையான் அந்தக் கொப்பியைத் தொட்டதே இல்லை.

பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வரி சொல்லித்தான் இந்தப் பிரமாணம் உண்டானது என்று ஒரு கதை உண்டு. இறங்கின வரி தோமாவின் பங்கு என்பார்கள். "சந்தேகப்படுற ஆளாச்சே, ஆதாரம் இல்லாத வரிய அவரு தலையில கட்டிட்டாங்க" என்று நான் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும். வகுப்பு முடிந்துவிடும்.

அவரும் அந்த வரிக்கு வந்தார்.

"பாதாளத்தில் இறங்கினார். சொல்லுங்கண்ணே."

"பத்தலத்தில எறங்கினார்."

எங்கள் பக்கத்தில் கல் தோண்டுகிற குழிக்குப் பத்தல என்றுதான் பேச்சு. சிங்களச் சொல். லயத்து வரிசை வீட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். பாதாளம் என்கிற சொல்லை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. பத்தலயில் அவர் வருடத்துக்குப் பத்து முறையாவது இறங்கியிருக்கிறார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாட்களில் ஆண்கள் குழி வேலைக்குப் போவார்கள்.

"பத்தல இல்லண்ணே. பாதாளம். பா... தா..."

"அதாங்க. ஆழமா இருக்குமே. கீழ இருட்டா. செத்தவங்க இருக்குற எடமுன்னு நீங்கதானே சொன்னீங்க?" பிறகு கொஞ்சம் யோசித்து, "உபதேசியாரே, ஒண்ணு கேக்கட்டுமா? நாங்க எறங்குறதுக்கு முன்னாடி கயித்துல மெழுகுதிரி கட்டி எறக்குவோம். அணைஞ்சுருச்சுன்னா கீழ காத்து இல்ல, ஆளு எறங்க மாட்டோம். அவரு எறங்கறப்ப யாரு மெழுகுதிரி எறக்கிப் பாத்தது?"

இத்தனை வருடத்தில் என் வகுப்பில் யாரும் கேட்ட கேள்விகளில் கேள்வி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். நான் அதற்குச் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூசுகிறது. "தோமாவ எறக்கிப் பாத்திருப்பாங்க" என்றேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

முதல் ஞாயிறு நெருங்கியது. போதகருக்குக் கொடுக்கிற ஞானஸ்நான லிஸ்டில் அவர் பெயரை ஏற்கனவே எழுதியிருந்தேன். கடைசிப் புதன்கிழமை பரீட்சை மாதிரி ஒன்று வைத்தேன். அவர் எழுந்து நின்று, கைகளைக் கட்டி, கண்ணை மூடிச் சொன்னார். பிதா சரியாக வந்தது. கன்னி, பிலாத்து, சிலுவை, அடக்கம், எல்லாம் சரியாக வந்தது.

"பத்தலத்தில எறங்கினார்."

"திரும்பச் சொல்லுங்கண்ணே."

"பத்தலத்தில எறங்கினார்."

மூன்றாவது முறையும் அதே. பிள்ளைகளுக்கு வயிறு வலித்தது. எனக்கும் வாய் நிற்கவில்லை. "ஏன் எறங்கினாராம்? சம்பளம் பத்தல, அதனால பத்தலயில எறங்கினாராம்!"

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"இதோட நிப்பாட்டிக்குவோம். இந்த மாசம் வேணாம் அண்ணே. அந்த ஒரு சொல்ல ஒழுங்காச் சொல்லிப் பழகிட்டு வாங்க. அடுத்த மொத ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம். போதகர் முன்னாடி இதச் சொன்னீங்கன்னா என் மானம் போயிரும்."

"சரிங்க உபதேசியாரே. ஒரு மாசந்தானே," என்றார்.

லிஸ்டில் அவர் பெயரை வெட்டினேன். நல்ல பேனாவால், கோடு நேராக வர வேண்டும் என்று அடிமட்டம் வைத்து.

அந்த ஞாயிறு போதகர் வந்தார், ஐந்து பிள்ளைகளும் திடப்படுத்தல் எடுத்தார்கள், போனார். மறுநாள் மழை தொடங்கியது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது வேலைக்கு வருகிற ஆள் மாதிரி, காலையில் வந்து பொழுது சாயும்வரை நிற்கும். பதினொரு நாள் வெட்டு இல்லை. நான் காலியான பால் ஸ்டோரில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தேன்.

பன்னிரண்டாம் நாள் பகல், அந்த அண்ணனோடு குழியில் வேலைசெய்த சிங்கள ஆள் ஒருவர், தலைமுதல் கால்வரை சேற்றோடு லயத்துக்கு ஓடிவந்தார். "அக்கே, பத்தல கடாங் வெட்டுணா" என்றார். குழி இடிந்து விழுந்துவிட்டது. மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள்.

லைசன்ஸ் இல்லாத குழி. தோண்டுவித்தவர் அன்றைக்கே ஆள் இல்லை. இரண்டு நாள் பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். இறைக்க இறைக்க நாலு பக்கமும் மண் சரிந்தது. இனி இறங்கினால் இறங்குகிறவனும் போவான் என்றார்கள். மூன்றாம் நாள் பெக்கோ இயந்திரம் வந்து, பக்கத்தில் குவித்திருந்த மண்ணையெல்லாம் தள்ளி மூடிவிட்டது. நாங்கள் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா குடை பிடிக்கவில்லை. அழவும் இல்லை. பெக்கோ போன பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"செத்து, அடக்கம் பண்ணி, அதுக்கப்பறந்தானே எறங்கணும், உபதேசியாரே? இவரு மொதல்ல எறங்கிட்டாரே. வரிச மாறிப்போச்சே."

நான் பேச்சற்று நின்றதைப் பார்த்தவர்கள் அன்றைக்கு அதையும் ஒரு அதிசயமாகப் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த நாள் அவள் பால் ஸ்டோருக்கு வந்தாள். மழை விட்டிருந்தது, வெட்டு தொடங்கியிருந்தது, அவளும் வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போதகர் ஐயாகிட்டச் சொல்லி அவருக்கு ஒரு அடக்க ஜெபம் வச்சுக் குடுங்க. குழிக்கிட்ட வந்து. அவரும் நம்ம சபை ஆளுதான்னு ஐயா ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். நான் போற எடத்துக்கு வரணுமுன்னுதானே அவரு படிச்சாரு."

"ஞானஸ்நானம் எடுக்கலயே அக்கா," என்றேன். அதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "அவருதான் பாதாளம்வரைக்கும் போனாரே," என்றாள், இயேசுவைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அங்க போயி இருக்குறவங்களப் பாக்காமலா வந்துருப்பாரு? அதுக்கு வசனம் இருக்கும். நீங்க படிச்சவங்க. தேடிக் குடுங்க."

அவள் வாளிக்குள் குழாயை விட்டேன். கழுத்துவரை இறங்கி நின்றது.

அடுத்த முதல் ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருந்தது. வேதாகமத்தில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டுகிற தடித்த அகராதி ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துச் சபையிலிருந்து இரவல் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் சிரிக்கவைக்கும் எண்ணம் இல்லாமல் வேதத்தைப் படித்தேன். பாதாளம், குழி, தாழ்விடம், காவல், எல்லாச் சொல்லையும் தேடினேன். என் பெண்சாதி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மொதல்லயே இப்படிப் படிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிடைத்தது. பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கே இருக்கிறீர் என்கிற கருத்தில் சங்கீதம் ஒன்று. ஆனால் அது தாவீது தனக்குச் சொல்லிக்கொண்டது. என் ஆத்துமாவைப் பாதாளத்தில் விட்டுவிடமாட்டீர் என்று இன்னொன்று, அதைப் பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் எடுத்துப் பேசுகிறார். அது இயேசு வெளியே வந்ததற்கு ஆதாரம், உள்ளே என்ன செய்தார் என்பதற்கு இல்லை. ஏறினவர் முதலில் பூமியின் தாழ்விடங்களுக்கு இறங்கினார் என்று பவுல் எபேசியருக்கு எழுதுகிறார். தாழ்விடம் என்றால் இந்தப் பூமியேதான் என்றும் அர்த்தம் பண்ணலாமாம், அடிக்குறிப்பு அப்படிச் சொன்னது. யோனா மீனின் வயிற்றில் இருந்ததுபோல மனுஷகுமாரனும் பூமியின் இருதயத்தில் இருப்பார் என்று ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் குழாயை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மேலே மிதந்தது.

கடைசியில் பேதுருவின் முதல் நிருபத்தில் வந்து நின்றேன். இயேசு போய்க் காவலில் இருந்த ஆவிகளுக்குப் பிரசங்கித்தார் என்று இருந்தது. எந்த ஆவிகள்? நோவா பேழை கட்டிய நாட்களில் கீழ்ப்படியாமல் போனவர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நோவா காலத்து ஆட்கள் எப்படிச் செத்தார்கள்? மழையில். தண்ணீரில். கதவு சாத்தப்பட்டு வெளியே நின்றவர்கள். அவர்களைத் தேடித்தானே போயிருக்கிறார்! அதைவிட நல்ல ஆதாரம் ஒரு ரப்பர் தோட்டத்து மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? கொப்பியின் வெறுமையாக இருந்த வலது பக்கத்தில் அதை எழுதினேன். கதவைச் சாத்தியது யார் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் யோசித்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து, போதகர் அங்கியைக் கழற்றுகிற சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர். போதகர், அக்கா, நான்.

போதகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் பேசுவது எங்கள் ஆட்களுக்குப் பாதி விளங்காது, எங்கள் ஆட்கள் பேசுவது அவருக்குப் பாதி விளங்காது. ஒரு நாள் அவர் "கெதியா வாங்கோ" என்று கூப்பிட, யாருக்கு என்ன கதியாகிவிட்டதோ என்று ஒரு அம்மா அழுதுவிட்டாள். விரைவாக வரச் சொன்னாராம். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகமும் அதனால் என்னுடையதாகிப்போனது.

அக்கா கைகளைக் கூப்பினாள். "ஐயா, குழிக்கிட்ட வந்து அவருக்கு ஒரு அடக்க ஜெபம் வச்சுக் குடுங்க. முழுப்பேரு போட முடியாட்டியும் அரைப்பேராவது போட்டுக் குடுங்க."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அரை நாளோடு திரும்பினால் அரைப்பேர். போதகர் என்னைப் பார்த்தார். "பேரை ஏன் பாதியாக்கவேணும் எண்டு கேக்கிறா?"

விளக்கினேன். அவர் முகம் வாடியது. "அவர் ஞானஸ்நானம் எடுக்கேல்லைத்தானே? போன முறை லிஸ்டில பேர் ஒண்டு வெட்டியிருந்தது. அவரோ?"

"ஆமா ஐயா."

"ஏன்?"

"தயாராகல ஐயா," என்றேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கொப்பியை நீட்டினேன். அவர் அவசரப்படாமல் வாசித்தார். நோவாவையும் மழையையும் பற்றி நான் சொன்னதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் கஷ்டப்பட்டுத் தேடியிருக்கிறியள். ஆனா பேதுரு சொல்லுறது அந்தக் காலத்து ஆக்களை மட்டும் எண்டு சொல்லுவினம். மற்றது, இந்த வரி ஆதியில இருந்த பிரமாணத்தில இருக்கேல்லை எண்டும் நாங்கள் படிச்சனாங்கள், பிறகு சேர்ந்தது. நான் விசுவாசிக்கேல்லை எண்டு சொல்லேல்லை. என்ர அம்மா செத்தபோது சண்டையால பாதை பூட்டியிருந்தது. அடக்கத்துக்கு நானே போகேல்லை. எனக்கு விளங்காதே? ஆனா ஞானஸ்நானம் இல்லாத ஆளுக்கு இந்தச் சடங்கைச் செய்துபோட்டு, மேலிடம் கேட்டால் காட்டுறதுக்கு, இந்த ஆதாரம் காணாது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னத்தக் காணாதாம்? அவரு ஒடம்பையா?"

"இல்லக்கா. பத்தலன்னு சொல்றாரு."

அவள் முகம் மாறியது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு தளர்வு வந்தது.

"பத்தலன்னா சொல்றாரு?"

"ஆமாக்கா..."

"அவரு எறங்கின எடம் பத்தலதான்னு ஐயாவே சொல்றாரா? எங்க ஆளு சொன்னது சரிதானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது போதவில்லை என்கிற பத்தல. அவள் கேட்டது குழி. திருத்தியிருக்கலாம். இல்லக்கா, ஆதாரம் போதாதுன்னு சொல்றாரு, ஜெபம் வைக்க மாட்டாரு என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வாயே பிழைப்பாக இருந்தவனுக்கு அந்த நேரம் பார்த்து வாய் இல்லை.

அவள் போதகரைப் பார்த்து மறுபடி கும்பிட்டாள். "ரொம்பப் புண்ணியமுங்க ஐயா. அப்ப அடுத்த மொத ஞாயித்துக்கெழம பின்னேரம் வந்துருங்க. கயிறெல்லாம் வேணாம், மூடிட்டாங்க."

"என்ன சொல்லுறா?" என்றார் போதகர்.

"நன்றி சொல்றாங்க ஐயா," என்றேன்.

ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. நல்ல மொழிபெயர்ப்பாளன்.

அந்த மாதம் முழுக்க அவள் தினமும் பால் ஸ்டோருக்கு வந்தாள். தினமும் சொல்ல நினைத்தேன். "சொல்லிருங்க" என்றாள் என் பெண்சாதி. "சொல்றேன்" என்றேன். அக்கா பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். "நல்லதுக்கா" என்றேன். குழாய் அவள் வாளியில் ஆழமாக இறங்கியது. நான் அடுத்த வாளிக்குப் போனேன்.

அடுத்த முதல் ஞாயிறும் வந்தது. போதகர் வந்து ஆராதனை நடத்தினார், தேநீரும் பணிசும் எடுத்தார், மோட்டார் சைக்கிளை உதைத்தார், அடுத்த தோட்டத்துக்குப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் வேதாகமத்தையும் ஜெபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று வயலுக்கு இறங்கினேன்.

குழி இருந்த இடம் கொஞ்சம் பள்ளமாகியிருந்தது. போட்ட மண் மழைக்கு அமிழ்ந்திருந்தது. வெள்ளை உடுத்து அக்கா நின்றாள், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், தள்ளி, அன்றைக்கு ஓடிவந்த சிங்களக் குழிப் பங்காளி. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"ஐயா வரலயா?"

"வரலக்கா."

"வேற தோட்டமோ?"

"ஆமாக்கா," என்றேன். அதுவும் பொய் இல்லைதான். என் பொய்கள் எல்லாம் அந்த மாதிரி, பாலில் கொஞ்சம் பீலித் தண்ணீர்.

பங்காளி ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி மண்ணில் குத்தினார். தூறலில் அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடக்க ஆராதனையை வாசிக்க எனக்கு உரிமை இல்லை. விசுவாசப் பிரமாணத்தை யாரும் எங்கேயும் சொல்லலாம். "சொல்லுவோமா அக்கா?" என்றேன். அவள் கண்ணை மூடினாள், அவர் மூடுகிற மாதிரியே. சேர்ந்து சொன்னோம். பிதா, கன்னி, பிலாத்து, சிலுவை, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு.

அந்த வரி வந்ததும் நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவள் மட்டும் சொன்னாள்.

"பத்தலத்தில எறங்கினார்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மூச்சை இழுத்து "மூன்றாம் நாள்" என்று தொடங்கினேன். அவள் சேரவில்லை. கண்ணைத் திறந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூன்றாம் நாள்..." என்று எடுத்துக் கொடுத்தேன், வகுப்பில் கொடுப்பது போல.

"அவரு படிச்சது இதுவரைக்குந்தானே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "இதோட நிப்பாட்டிக்குவோமுன்னு நீங்கதானே சொன்னீங்க."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

போதகர் போதவில்லை என்றுதான் சொன்னார் என்பது அவளுக்கு எப்போதாவது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அடுத்த முதல் ஞாயிறுக்கு வரச்சொல்லி அவள் மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் சேர்ச்சுக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவளும் நிற்பாள், சொல்வாள். அந்த வரி முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். பழைய பெஞ்ச். அவள் உட்காரும்போது ஒரு முறை கிரீச்சென்று சத்தம் போடும். அதற்குப் பிறகு உயிர்த்தெழுதல், பரமேறுதல், பாவமன்னிப்பு, நித்திய ஜீவன் எல்லாவற்றையும் நாங்கள் நின்றுகொண்டே சொல்லி முடிப்போம். இருபது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது.

நான் அதற்குப் பிறகு யார் பெயரையும் லிஸ்டில் வெட்டவில்லை. பிலாத்துவைப் பிலாப்பழம் என்று சொன்ன பையனையும் அனுப்பிவைத்தேன். போதகர்கள் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். "உங்கட வகுப்பில ஃபெயிலே இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். ஒருத்தர் இருந்தார் ஐயா என்றேன். அதை அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். என் மூஞ்சி அப்படி.

போன வருடம் அக்கா மூத்த மகளோடு வரக்காப்பொலைக்குப் போய்விட்டாள். பெஞ்ச் இப்போது சத்தம் போடுவதில்லை. ஆனாலும் அந்த வரி முடிந்ததும் நான் நின்றுவிடுகிறேன், அந்தச் சத்தத்துக்காக. நேரம் போகிறது. உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று நினைத்து, பின்னாலிருந்து யாராவது மெதுவாக "மூன்றாம் நாள்" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். யாரோ அடக்கிக்கொண்டு சிரிப்பதும் கேட்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன். அங்கிருந்து கடைசிவரை வசனங்களுக்குக் குறைவில்லை.